நேரம் என்ற கட்டம்

ரப்பர் எடை போடும் கடையில்
சன்னாசிக்கு இனாமாகக் கிடைத்த கணக்கு நோட்டு.
பற்று வரவுக் கோடுகளை அப்படியே விட்டு
தலைப்பை மட்டும் மாற்றினேன்:
ரவை. சர்க்கரை. நெருப்பு. நேரம். முடிவு.

முதல் ஞாயிறு.
ரவை கால் வீசை,
தேங்காய்ப்பால், டின்பால் தகரத்தால் மூன்று.
மியாவாடி வழியாக லாரியில் வந்த
தாய்லாந்து அவனில்
பதினெட்டாம் நிமிடம் கரண்டு போனது.
மோல்மீன் முழுக்கப் போனது.
முடிவு: கரண்டியால் குடித்தோம்.

இரண்டாவது ஞாயிறு
சர்க்கரை என்று நினைத்து உப்பு டப்பா.
ஒரு கரண்டியோடு சுதாரித்துக்கொண்டேன்,
சர்க்கரை போட மனசு வரவில்லை.
வெந்ததைத் துண்டு போட்டு
வெங்காயம் மிளகாய் தாளித்துப் புரட்டினேன்.
"உப்புமாவுக்குக் கொஞ்சம் திமிர் வந்த மாதிரி இருக்கு"
என்றார் சன்னாசி.
முடிவு என்ற கட்டத்தில் அதையே எழுதினேன்.

மூன்றாவதை எழுதவில்லை.
தெரு நாய் சாட்சி.

நான்காவது ஞாயிறு அவனை நம்பவில்லை.
கரி அடுப்பு.
அடியில் நாலு கங்கு,
தகர மூடிமேல் ஏழு,
முக்குக்கடை மா ஏ மூ
சனுவின் மக்கின் சுடுவது போல
கீழே கொஞ்சம், மேலே நிறைய.
கசகசா தூவி, மூடி, நிமிர்ந்தால்
பினாங்கிலிருந்து அக்கா.

என்ன செய்யறே.
கேக்.
எதுலே?
ரவையிலே.
முட்டை?
ரெண்டு.
"ரவையிலே எவளாவது முட்டை ஊத்துவாளா பவுனு?"

அங்கே ஆரம்பித்தது.
முட்டையிலிருந்து முட்டை விலைக்கு,
விலையிலிருந்து அவள் அனுப்பாத பணத்துக்கு,
அனுப்பினேன் என்று சொன்ன பணத்துக்கு,
அம்மாவின் ஆஸ்பத்திரி ரசீதுக்கு,
மூணு மாசத்திலே வந்துடுவேன் என்று
அவள் ஏறிப்போன பஸ்ஸுக்கு.
ஒன்பது வருஷமாகிறது அந்த மூணு மாசம்.
நான் பேசினேன், அவள் பேசினாள்,
அதிகமும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினோம்.
கங்கு சாம்பல் பூத்ததை யாரும் பார்க்கவில்லை.
கடைசியில் அவளும் அழவில்லை, நானும் அழவில்லை,
போன் செத்துப்போனது.

மூடியைத் தூக்கினேன்.
கசகசா பொரிந்து பொன்னாகி
ஓரமெல்லாம் தகரத்தை விட்டு விலகி நின்றது,
கோபித்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தவள் மாதிரி.
நடுவில் குத்திய கத்தி
கழுவி எடுத்தது போல் வெளியே வந்தது.
மூன்றாவது துண்டைத் தின்று முடித்துத்தான்
"யாரோட அவ்வளவு சத்தம்?" என்றார் சன்னாசி.

நோட்டை விரித்தேன்.
ரவை எழுதினேன். கங்கை எண்ணி எழுதினேன்.
நேரத்தில் பேனா நின்றது.
சுவர்க்கடிகாரத்தில்
எட்டு மாதமாக மணி நாலு பத்து.
யோசித்து, அழுத்தி எழுதினேன்:
ஒரு சண்டை.

ஐந்தாவது ஞாயிறு
அதே ரவை, அதே நாலு, அதே ஏழு.
போனுக்கு முழுச் சார்ஜ்.
நானே கூப்பிட்டேன்.
எடுத்ததும் அக்கா சொன்னாள்:
"நீ கேட்டதெல்லாம் நியாயம்தான் பவுனு."
தொண்டைவரை அடுக்கி வைத்திருந்தேன்,
ஒன்றும் எடுக்க முடியவில்லை.
அங்கே மழையா என்றாள்.
இங்கேயும் மழை என்றேன்.
உடம்பைப் பார்த்துக்கோ.
நீயும்.
வைத்துவிட்டாள்.

திறந்தால், மேலே வெளுத்திருக்கிறது,
நடுவில் தளும்புகிறது பச்சை மாவு.
சன்னாசி எட்டிப் பார்த்துவிட்டு
ஒன்றும் சொல்லாமல் செருப்பை மாட்டினார்.

செத்த கரியைத் தட்டினேன்.
புதுக் கங்கு மூன்றைக் கிடுக்கியில் எடுத்து
மூடிமேல் வைத்தேன்.
கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு
அக்காவுக்கு ஒரே ஒரு வரி அனுப்பினேன்:

இன்னிக்கு மூணு முட்டை.